புகையும் திரையும்

எல்லாப் புகழும் ஏக வல்லவன் அல்லாஹ்வுக்கே!

சென்ற ஷஃபான் மாதத்தில் நம்மிடம் ஒரு வழக்கு வந்தது. வழக்கு என்றால் நீதிமன்றத்து வழக்கன்று. இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் அமர்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளும் வழக்கு. அதில் இரு தரப்பாரும் நல்லவர்களே. இரு தரப்பாரும் மார்க்கத்தையே ஆதாரமாகக் காட்டினர். நாமோ தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தும், குற்றத்தில் நமக்கும் ஒரு பங்கு இருந்ததை உணர்ந்து வெட்கிக் குனிந்தோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

புதுச்சேரி நகரின் தென்பகுதியில் நம்மவர் வாழும் தெருக்களை அறிந்தவர்களுக்கு அங்குள்ள வீடுகளின் அமைப்பும் தெரிந்திருக்கும். ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒரு மொட்டை மாடியில் நின்று இருமினால் நான்கு மாடிகளுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட ஒரு மஹல்லாவில் இளைஞர்கள் சிலர் ஒன்றுகூடிப் புகைப் பழக்கத்தை ஒழிக்கப் புறப்பட்டனர். மதரஸாவுக்கு அருகே இருந்த பெட்டிக்கடைக்காரரிடம் பேசி, பிள்ளைகள் ஓத வரும் நேரத்தில் பீடி சிகரெட் விற்பதை நிறுத்தச் செய்தனர். பள்ளிவாசலின் ஹவுளுக்கு அருகே நின்று புகைத்தவர்களைத் தெருமுனைக்கு அனுப்பினர். ஜும்ஆ பயானில் நாமே அவர்களைப் பாராட்டினோம்; துஆவும் செய்தோம்.

அடுத்து அவர்கள் ஒரு படி மேலே போனார்கள். மஹல்லாவில் எவர் புகைத்தாலும் செல்போனில் படம் எடுத்து, ஜமாஅத்தார் அனைவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவது என்று முடிவு செய்தனர். முதலில் டீக்கடை வாசலில் நின்றவர்களின் படங்கள் வந்தன. பிறகு ஓரிரவு, அறுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர் தம் வீட்டு மொட்டை மாடியில் நாற்காலி போட்டு அமர்ந்து சிகரெட் பிடிக்கும் படம் வந்தது. எதிர் மாடியிலிருந்து எடுத்த படம். பலர் சிரித்தனர். சிலர் ஹதீஸ் எழுதினர். 'நல்ல முயற்சி, மாஷா அல்லாஹ்' என்று எழுதியவர்களில் நாமும் ஒருவர்.

அந்தப் பெரியவர் அதன்பின் பள்ளிக்கு வரவில்லை. ஜும்ஆவுக்கும் வரவில்லை. மகளைக் கொடுத்த சம்பந்தி வீட்டார்வரை அந்தப் படம் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு மாதம் கழித்து அவருடைய மகன் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், அத்தா மாடிக்குப் போனதே என் பிள்ளைக்கு இழைப்பு இருக்குதேன்னுதான். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து ஊதியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது, மானமும் போயிருக்காது" என்றார். இளைஞர்களை அழைத்துக் கேட்டோம். "ஹராமை ஹராம் என்று சொன்னது குற்றமா ஹஜ்ரத்?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டனர்.

இவ்விரு வாக்கியங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு, மார்க்கம் என்ன சொல்கிறது, நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்று நிதானமாகப் பார்ப்போம்.

புகையிலை வந்த வழி

புகையிலை நம் முன்னோர் அறிந்த பொருளன்று. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்து, பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி உலகெங்கும் பரவியது. போர்த்துகல் நாட்டில் பிரெஞ்சு மன்னரின் தூதராக இருந்த ஜான் நிக்கோ என்பவர் 1560 வாக்கில் அதைத் தம் அரச குடும்பத்துக்கு மருந்தென்று அனுப்பி வைத்தார். அவர் பெயரால்தான் அதிலுள்ள நஞ்சுக்கு 'நிகோடின்' என்று பெயர் வந்தது. பிரெஞ்சுக்காரர் நெடுங்காலம் ஆண்ட ஊரில் வாழும் நாம் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நம் பங்குக்கு நாமும் ஒன்று கொடுத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் சுருட்டைக் குறிக்கும் 'செரூட்' என்ற சொல் நம் தமிழ்ச் 'சுருட்டி'லிருந்து பிறந்ததே.

முஸ்லிம் நாடுகளுக்குப் புகையிலை வந்து சேர்ந்தது ஏறத்தாழ 1600ஆம் ஆண்டையொட்டி. திருமறையிலும் ஹதீஸிலும் பெயர் சொல்லப்படாத புதுப்பொருள் ஆகையால் உலமாக்களிடையே பெரும் கருத்து வேறுபாடு எழுந்தது. மிஸ்ரு நாட்டில் ஒரே காலத்தில், ஒரே மாலிக்கீ மத்ஹபைச் சேர்ந்த இரு பெரியார்களில் இப்ராஹீம் லகானீ (ரஹ்) அவர்கள் கூடாது என்று எழுதினார்கள். அலீ உஜ்ஹூரீ (ரஹ்) அவர்கள் தீங்கு செய்யாதவருக்குக் கூடும் என்று எழுதினார்கள். நம் ஷாபிஈ மத்ஹபின் இமாம் கல்யூபீ (ரஹ்) அவர்கள் ஹராம் என்றார்கள். திமிஷ்கைச் சேர்ந்த அப்துல் கனீ நாபுலூஸீ (ரஹ்) அவர்கள் ஆகும் என்று தனி நூலே இயற்றினார்கள். லக்னோவின் மௌலானா அப்துல் ஹை (ரஹ்) அவர்களும் இதைப் பற்றித் தனி நூல் எழுதியிருக்கிறார்கள்.

அவர்கள் சண்டையிட்டது மார்க்க ஆதாரத்தில் அன்று. உடலைக் கெடுப்பது கூடாது என்பதில் அவர்கள் அனைவரும் ஒன்றே. இந்த இலை உடலைக் கெடுக்கிறதா இல்லையா என்பதில்தான் அவர்களுக்குத் தெளிவில்லை. அன்றைய ஹக்கீம்கள் சிலர் இதை மருந்தென்றனர், சிலர் நஞ்சென்றனர். இன்று அந்த மயக்கம் இல்லை. 1950இல் இலண்டனில் டால், ஹில் என்ற இரு ஆய்வாளர்கள், நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள உறவை வெளிப்படுத்தினர். 1981இல் ஜப்பானில் ஹிராயாமா என்பவர், புகைக்கும் கணவரோடு வாழ்ந்த, தாம் புகைக்காத மனைவியரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அவர்களுக்கும் அந்நோய் கூடுதலாக வருவதைக் காட்டினார். புகையிலையால் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாள்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் 10 இலட்சத்துக்கும் அதிகமானோர் தம் வாயில் சிகரெட்டை வைத்தே அறியாதவர்கள். பிறர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள்.

நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ளலாகாது என்று அல்பகரா அத்தியாயத்தில் வல்ல நாயன் எச்சரிப்பதை அறிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? புகைப்பது கூடாது என்பதே நமது கருத்தும். இளைஞர்கள் சொன்னதில் இந்தப் பகுதி சரியே.

சட்டம் நிற்கும் இடம்

நம் நாட்டில் இதற்குச் சட்டம் வந்த வரலாறு நீதிமன்றத்தில் தொடங்குகிறது. 1999 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. 2001 நவம்பர் 2ஆம் நாள் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பேருந்து, இரயில் போன்ற இடங்களில் புகைப்பதை நாடு முழுவதும் தடை செய்தது. புகைக்காத ஒருவன் பிறர் புகையால் நோயுற வேண்டிய நியாயம் என்ன என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை அது ஆதாரமாகக் கொண்டது.

பிறகு 2003இல் நாடாளுமன்றம் புகையிலைப் பொருட்கள் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் 2008 அக்டோபர் 2ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், உணவகம், அலுவலகம், தொழிலிடம், கடைத்தொகுதி, திரையரங்கு, மதுக்கூடம் யாவற்றையும் பொது இடத்தில் சேர்த்தன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். 30 அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கை கொண்ட உணவகத்திலும், 30 அல்லது அதற்கு மேற்பட்ட அறை கொண்ட விடுதியிலும், விமான நிலையத்திலும் மட்டும் தனி அறை ஒதுக்க இடமளித்தன. திறந்தவெளி பொதுவாக இந்தத் தடையில் வராது. ஆயினும் பேருந்து நிற்குமிடம், இரயில் நிலையம், விளையாட்டரங்கம், திறந்தவெளி அரங்கம் ஆகியவை திறந்தவெளி என்று சொல்லித் தப்ப முடியாது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்பதும், கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத் தொலைவுக்குள் விற்பதும் குற்றம்.

நம்மூர்க்காரர் பலருக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. அவர்களைக் கேட்டால் அங்கும் இதே கதைதான் என்பர். 2007 பிப்ரவரியில் அலுவலகம், பள்ளிக்கூடம் முதலிய இடங்களிலும், 2008 ஜனவரியில் காப்பிக்கடை, உணவகங்களிலும் தடை வந்தது. 2025 ஜூன் இறுதியில் கடற்கரை, பூங்கா, பேருந்து நிழற்குடை, பள்ளிக்கூட வாசல் ஆகியவற்றிலும் தடை நீட்டப்பட்டது. காப்பிக்கடையின் வெளித்திண்ணையை மட்டும் அவர்கள் விட்டுவைத்தனர்.

இரு நாட்டுச் சட்டங்களிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எத்தனை இடங்களைச் சேர்த்தாலும், வீட்டு வாசற்படியில் வந்ததும் சட்டம் நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது? வீட்டுக்குள் விடும் புகை தீங்கற்றது என்பதாலா? இல்லை. வீட்டுக்குள் நுழைந்து தேடுவதில் வேறொரு தீங்கு இருக்கிறது என்பதால். 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். அதற்கும் அவர்கள் முக்கிய ஆதாரமாகக் கொண்டது அதே 21ஆம் பிரிவுதான்! நல்ல காற்றைச் சுவாசிக்கும் உரிமையும், பிறர் கண் படாமல் வாழும் உரிமையும் ஒரே பிரிவில் குடியிருக்கின்றன. அந்தரங்கம் எல்லையற்றதன்று என்றும் அதே தீர்ப்பு கூறியது. சட்டத்தின் துணை இருக்க வேண்டும். நியாயமான தேவை இருக்க வேண்டும். தேவைக்கு மிஞ்சிய தலையீடு கூடாது. இந்த மூன்று நிபந்தனைகளோடுதான் அந்தத் திரையை விலக்கலாம்.

சுவரேறிய கலீபா

இதைக் கேட்ட இளைஞர் ஒருவர், "அது மனிதர் போட்ட சட்டம் ஹஜ்ரத். அல்லாஹ்வின் சட்டத்தில் பாவம் வீட்டுக்குள் செய்தாலும் பாவம்தானே?" என்றார். பாவம்தான். அதில் ஐயமில்லை. 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கில அறிஞர், பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவனைத் தடுக்கச் சமுதாயத்துக்கு அதிகாரமில்லை என்றும், தன் உடலுக்குத் தானே அரசன் என்றும் வாதிட்டார். நாம் அப்படிச் சொல்வதில்லை. இந்த உடல் நம்முடையதன்று, அமானத். அதைப் பாழாக்கியவன் கேள்விக் கணக்குக்கு ஆளாவான். ஆனால் கேட்பவன் யார் என்பதே இங்குள்ள வினா. கணக்குக் கேட்கும் உரிமை அல்லாஹ்வுக்கு இருக்கிறது என்பதால், எட்டிப் பார்க்கும் உரிமை எதிர் மாடிக்காரருக்கு வந்துவிடுமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் எடுத்துரைக்கும் ஒரு நிகழ்ச்சி பலருக்கும் தெரிந்ததே. கலீபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் இரவில் சுற்றி வந்தபோது ஒரு வீட்டுக்குள் தகாத செயல் நடப்பதை உணர்ந்து சுவரேறிக் குதித்தார்கள். உள்ளே இருந்தவரை அதட்டினார்கள். அவரோ கலங்கவில்லை. தாம் செய்தது ஒரு குற்றம் என்றால், கலீபா செய்தவை மூன்று என்று எண்ணிக் காட்டினார். துருவித் துருவி ஆராயாதீர் என்பது இறைக்கட்டளை, தாங்கள் ஆராய்ந்தீர்கள். வீடுகளுக்கு வாசல் வழியே வருக என்பது இறைக்கட்டளை. தாங்கள் சுவரேறி வந்தீர்கள். அனுமதி பெற்று ஸலாம் உரைத்து நுழைக என்பது இறைக்கட்டளை. தாங்கள் இரண்டும் செய்யவில்லை. உலகமே அஞ்சிய உமர் (ரலி) அவர்கள் அந்தச் சொல்லுக்குப் பணிந்து திரும்பினார்கள்.

தாடியில் மது சொட்டும் ஒருவரைப் பற்றி இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் முறையிட்டபோதும், வேவு பார்ப்பது நமக்குத் தடுக்கப்பட்டுள்ளது, தானாக வெளிப்பட்டதைத்தான் நாம் பிடிப்போம் என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னதாக அபூதாவூதில் காண்கிறோம்.

தீமையைத் தடுப்பதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் நிபந்தனைகள் விதிக்கிறார்கள். தீமை இப்போது நடந்துகொண்டிருக்க வேண்டும். வேவு பார்க்காமலே அது வெளிப்பட்டிருக்க வேண்டும். உலமாக்களின் ஆய்வுக்குரிய கருத்து வேறுபாட்டில் சிக்கிய ஒன்றாக அது இருக்கக்கூடாது. கதவைச் சாத்திக்கொண்டவனின் வீட்டுக்குள் பாவத்தைத் தேடி நுழையக்கூடாது. சுவரைத் தாண்டி வெளியிலிருப்போரும் அறியும்படி அது வெளிப்பட்டாலன்றி!

கடைசி நிபந்தனையில்தான் நம் வழக்கின் சாவி இருக்கிறது. சுவரைத் தாண்டி வெளிப்படுவது எது? புகைதான்.

பூண்டும் கப்பலும்

வெங்காயமும் பூண்டும் ஹலாலான உணவு. ஆயினும் அவற்றைப் பச்சையாகத் தின்று வாடையோடு வருபவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். உண்பவரை உண்ணாதே என்று சொல்லவில்லை. எவருடைய அடுப்பில் என்ன வேகிறது என்று ஆள் அனுப்பிப் பார்க்கவும் இல்லை. பலர் கூடும் இடத்தில் பலருக்குத் துன்பம் தராதே என்றார்கள். ஹலாலான பூண்டுக்கே இந்த நிலை என்றால், நஞ்சான புகைக்கு என்ன நிலை? பொது இடத் தடைக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேண்டியதில்லை.

புகாரியில் வரும் கப்பல் உவமையையும் எண்ணிப் பாருங்கள். சீட்டுப் போட்டுக் கப்பலில் சிலர் மேல்தட்டிலும் சிலர் கீழ்த்தட்டிலும் இடம் பெற்றனர். கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே சென்று பிறருக்குத் தொல்லை தருவானேன் என்று, தம் பங்கான இடத்தில் துளையிட நினைத்தனர். அவர்களை அப்படியே விட்டால் அனைவரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். துளையிட்டவர் கெட்ட எண்ணக்காரர் அல்லர். துளையிட்ட இடமும் அவருக்கே உரியது. ஆனால் தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது. புகைக்கும் அப்படித்தான். காற்றோட்டம் வைத்தாலும் மூடிய இடத்தில் புகையின் தீங்கை முற்றிலும் போக்க முடியாது என்று 2006இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை வெளியிட்டார். என் மேசையில் நான் புகைக்கிறேன், உன் மேசையில் நீ உண் என்று சொல்ல முடியாமற்போனது இதனால்தான்.

ஆகவே புகைப்பதில் இரு தீங்குகள் உள்ளன. புகைப்பவன் தன் உடலுக்குச் செய்வது ஒன்று. அடுத்தவன் உடலுக்குச் செய்வது மற்றொன்று. முதலாவதில் உலமாக்கள் முன்னூறு ஆண்டு விவாதித்தனர். இரண்டாவதில் விவாதத்துக்கே இடமில்லை. தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்ற ஹதீஸ் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் நாற்பது ஹதீஸ் தொகுப்பில் நம் மதரஸாப் பிள்ளைகளும் மனனம் செய்வதாயிற்றே! முதலாவதற்கு அறிவுரையும் துஆவும். இரண்டாவதற்குத்தான் தடையும் அபராதமும். இதைக் குழப்பினால் என்ன நேரும் என்பதற்கும் வரலாறு உண்டு.

உதுமானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல், இஸ்தான்பூல் நகரைப் பெருந்தீ அழித்ததையொட்டிப் புகையிலையை அடியோடு தடை செய்தார். மாறுவேடத்தில் இரவில் சுற்றிப் புகைப்பவர்களைத் தேடிப் பிடித்துக் கொன்றார். அந்தக் காலத்தில் வாழ்ந்த காத்திப் செலபி என்ற அறிஞர் 1656இல் எழுதிய நூலில், கடுமை ஏற ஏற மக்களின் ஆசையும் ஏறியதாகப் பதிவு செய்திருக்கிறார். சில ஆண்டுகளில் ஷைகுல் இஸ்லாம் பஹாயீ எஃபெந்தியே ஆகும் என்று பத்வா கொடுக்க வேண்டி வந்தது. சுல்தான் சுவரேறினார், உமர் (ரலி) அவர்களைப் போலத் திரும்பவில்லை.

ஒரே பாடத்தில் இரு தீங்குகள்

அதே உதுமானியர், பிற்காலத்தில் 1869க்கும் 1876க்கும் இடையில் 'மஜல்லா' என்ற சட்டத் தொகுப்பை வெளியிட்டனர். ஹனஃபீ ஃபிக்ஹின் அடிப்படையில் அமைந்தது. அதில் அண்டை வீட்டார் உரிமை பற்றிய பாடத்தைப் புரட்டியபோது நாம் திகைத்துப் போனோம். 1200ஆம் பிரிவு, ஒருவர் கட்டிய அடுப்பிலிருந்து வரும் புகையால் பக்கத்து வீட்டில் குடியிருக்க முடியாமற்போனால் அது பெருந்தீங்கு, நீக்கப்பட வேண்டும் என்கிறது. இரண்டு பிரிவுகள் தள்ளி 1202ஆம் பிரிவு, பெண்கள் புழங்கும் சமையற்கட்டு, கிணற்றடி, முற்றம் ஆகியவை பிறர் பார்வையில் படும்படி இருந்தால் அதுவும் பெருந்தீங்கு என்கிறது.

புகை சுவரைத் தாண்டுவதும் தீங்கு; பார்வை சுவரைத் தாண்டுவதும் தீங்கு. இரண்டும் ஒரே பாடம். ஒன்றை விரட்ட மற்றொன்றைக் கூட்டி வருபவரை என்னென்று சொல்வது? தீங்கை அதே போன்ற தீங்கால் நீக்கலாகாது என்பதும் அந்த மஜல்லாவின் விதிகளில் ஒன்றே.

இதை நாம் விளக்கிக் கொண்டிருந்தபோது, அதுவரை எவரும் சொல்லாத செய்தி ஒன்று வெளிவந்தது. இளைஞர்கள் செல்போனோடு மாடிகளில் நிற்கத் தொடங்கிய நாள்முதல், அந்த வரிசையில் உள்ள பெண்கள் மாலையில் துணி உலர்த்த மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டார்களாம். எந்த உம்மாவும் ஜமாஅத்தில் வந்து புகார் சொல்லவில்லை. வீட்டுக்குள் கொடி கட்டிக்கொண்டார்கள், அவ்வளவே. நன்மையை ஏவப் புறப்பட்ட நாம், எத்தனை வீடுகளில் எத்தனை பேரின் காற்றை அடைத்தோம் என்று அன்றுதான் தெரிந்தது.

வாசல் வழியே

மறுநாள் அஸருக்குப் பின் நாமும் முத்தவல்லியும் அந்தப் பெரியவர் வீட்டுக்குச் சென்றோம். ஸலாம் உரைத்து, அனுமதி பெற்று, வாசல் வழியே நுழைந்தோம். முதலில் நாம் எழுதிய சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நாற்பது வருஷப் பழக்கம் ஹஜ்ரத். விடணும்னுதான் நினைக்கிறேன். படம் போட்டுட்டா விட்டுடுவேனா?" என்றார்.

அவரோடு மாடிக்கும் சென்றோம். அவருடைய நாற்காலிக்குச் சில அடி தூரத்தில் அடுத்த வீட்டின் ஜன்னல் இருந்தது. உள்ளே தொட்டில் கட்டியிருந்தது. அதைச் சுட்டிக் காட்டினோம். பெரியவரின் முகம் மாறியது. தம் பேரப்பிள்ளைக்காக மாடி ஏறியவர், அடுத்த வீட்டுப் பிள்ளையை எண்ணிப் பார்க்கவில்லை. தன் தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்றிராதவரை ஒருவர் ஈமான் கொண்டவராகார் என்ற நபிமொழியை நினைவூட்டினோம். அந்த நாற்காலியை அன்றே அவர் எடுத்துவிட்டார்.

வேடிக்கை பாருங்கள். படம் எடுத்தவர்களின் கண்ணில் சிகரெட் பட்டது, தொட்டில் படவில்லை! தடுக்க வேண்டிய தீங்கு உண்மையாகவே அங்கே இருந்தது. அதை எதிர் மாடியிலிருந்து பார்க்க முடியவில்லை. வாசல் வழியே போனபோதுதான் தெரிந்தது. நம் கண்ணுக்கு எட்டியதா என்பது அளவுகோலன்று. பிறர் மூச்சுக்கு எட்டியதா என்பதே அளவுகோல்.

சட்டம் எட்டாத இடத்தில்தான் பெரும் தீங்கு இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2016-17இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் புகைப்பவர்கள் 10.7 சதவீதமே. ஆனால் வீட்டில் பிறர் புகையைச் சுவாசிப்பவர்களோ 38.7 சதவீதம்! மனைவியும் மக்களும் முதிய பெற்றோருமே அவர்கள். 'என் வீடு, என் உரிமை' என்று முழங்கும் சகோதரரைக் கேட்கிறோம்: அந்த வீடு உமக்கு மட்டுமா வீடு? திரை என்பது வீட்டுக்குள் இருப்பவர் அனைவரையும் காப்பதற்கு. வீட்டுத் தலைவன் அதன் மறைவில் நின்று தன் பிள்ளைக்கு நஞ்சூட்டுவதற்கு அன்று. போலீசாரோ ஜமாஅத்தோ அங்கே நுழையாததால் உம் பொறுப்பு குறையவில்லை, கூடுகிறது. அங்கே உம்மைக் கேட்க அல்லாஹ் ஒருவனே இருக்கிறான்.

அந்த வீட்டிலுள்ள பெண்களுக்கும் ஒரு சொல். "இங்கே வேண்டாம், பிள்ளை இருக்குது" என்று கணவரிடம் சொல்வது அடங்காமையன்று. அது குழந்தையின் உரிமையை எடுத்துச் சொல்வது.

ஜமாஅத்தில் பேசி முடிவு செய்தது இவ்வளவுதான். பள்ளிவாசல், மதரஸா, நிக்காஹ் நடக்கும் மண்டபம் ஆகியவற்றின் வளாகத்தில் புகைக்கத் தடை. மீறுபவரை அங்கேயே, அப்போதே, ஒருவர் மட்டும் சென்று தடுப்பது. எவரையும் படம் எடுப்பதில்லை, எடுத்தவற்றை அழித்துவிடுவது. அடுத்த வீட்டுப் புகையால் துன்பப்படுபவர் முறையிட்டால் முத்தவல்லி நேரில் சென்று இரு வீட்டாரையும் வைத்துப் பேசுவது. விட விரும்புபவர்களுக்குத் துணை நிற்பது. 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் அரசே ஆலோசனை தருகிறது. 2018 முதல் சிகரெட் பெட்டியிலேயே அந்த எண் அச்சிடப்பட்டு வருகிறது. அந்த இளைஞர்களில் இருவரே இப்போது மூன்று பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த எண்ணை அழைத்துக் கொடுத்திருக்கிறார்கள். தனிமையில் சொல்வது அறிவுரை, சபையில் சொல்வது அவமதிப்பு என்னும் கருத்து இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் பெயரால் வழங்கி வருகிறது. அதன் பொருளை அவர்கள் நம்மைவிட விரைவாகக் கற்றுக்கொண்டார்கள்.

பெரியவர் இப்போது பஜ்ரு தொழுகைக்கு வருகிறார். முழுவதும் விட்டுவிட்டாரா என்று நாம் கேட்கவில்லை; கேட்கவும் மாட்டோம். சில நாட்களில் நம் பக்கத்தில் ஸஃப்பில் நிற்கிறார். அவரிடம் வாடை வீசவில்லை. நமக்குத் தெரிய வேண்டியது அவ்வளவே.

பிறருடைய மூச்சைக் காப்பதிலும் பிறருடைய மானத்தைக் காப்பதிலும் நம்மைப் பேணுதலுடையவர்களாக வல்ல அல்லாஹ் ஆக்குவானாக! நாம் எழுதிய தவறான சொற்களை மன்னித்து, நம் குறைகளையும் தன் திரையால் மறைத்தருள்வானாக! ஆமீன்.